இடது கைக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்!

சாயங்காலம் ஆறு மணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டூடியோ. நாற்பதைத் தாண்டிய ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பழைய போட்டோ ஒன்றை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கல்யாண குரூப் போட்டோ. மணமக்களைச் சுற்றி இருபது பேர். பின்வரிசையில், வலது ஓரத்தில் நிற்பவர் அவருடைய அப்பா.

"நாளன்னிக்குப் பதினாறாம் நாள் காரியம்மா. வீட்ல அப்பா படம்னு இருக்கிறது இது ஒண்ணுதான். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பெரிசு பண்ணி ஃப்ரேம் போட்டுக் கொடுத்துடுவியா?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "கொடுத்துடலாம்ணே. ஆனா முகத்து மேலயே மடிப்பு விழுந்திருக்கு. கொஞ்சம் வேலை இருக்கு."

முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். அதன் குறுக்கே, இடது கன்னத்தில் தொடங்கி மூக்கு வரை ஒரு வெள்ளைக் கோடு. இதைத்தான் 12க்கு 15 இன்ச் படமாக்கி மாலை போட வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு இது புதிய வேலை இல்லை. வாரத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்பார்கள். சிலர் ரேஷன் கார்டிலிருந்துகூடக் கிழித்துக் கொண்டுவருவார்கள்.

அந்தப் பெண் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வலது கை மவுஸில் இருக்கிறது. இடது கை கீபோர்டின் இடது மூலையை விட்டு நகர்வதே இல்லை. சுண்டுவிரல் கன்ட்ரோல் மேல், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில், மற்ற மூன்று விரல்களும் எழுத்துகள் மேல். கண் மட்டும் அந்த முகத்தை விட்டு விலகுவதில்லை.

கீபோர்டு ஷார்ட்கட் என்றதும் எல்லோரும் 'நேரம் மிச்சம்' என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. 1980ல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், கம்ப்யூட்டரில் ஒரு வேலை முடிய எத்தனை நொடி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு முறையைத் தந்தார்கள். சுமாராக டைப் செய்பவர் ஒரு விசையைத் தட்ட 0.2 நொடி. மவுஸை நகர்த்தி ஓர் இடத்தைக் குறிபார்க்க 1.1 நொடி. கையை மவுஸிலிருந்து கீபோர்டுக்கு மாற்ற 0.4 நொடி. 'அடுத்து என்ன செய்யணும்' என்று மனசு யோசிக்க 1.35 நொடி.

போட்டோஷாப்பில் ஒரு லேயரை நகல் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெனு வழியாகப் போனால் லேயர், நியூ, லேயர் வயா காப்பி என்று மூன்று இடங்களைக் குறிபார்க்க வேண்டும். மூன்றரை நொடி ஆகிவிடும். கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்துத் தட்டினால் அரை நொடிகூட ஆகாது. ஒரு நாளில் நூறு முறை இப்படி மூன்று நொடி மிச்சம் பிடித்தாலும் மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

அந்தக் கணக்கின் கடைசி எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. யோசிக்கிற 1.35 நொடி.

ஆப்பிள் கம்பெனியில் வேலை பார்த்த புரூஸ் டாக்னாஸினி 1980களின் இறுதியில் ஒரு வாதத்தைக் கிளப்பினார். ஷார்ட்கட் பயன்படுத்துபவர்கள் தாங்கள் வேகமாக வேலை செய்வதாக நினைக்கிறார்கள். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் முந்துகிறது என்றார். எந்த விசை என்று நினைவுபடுத்திக்கொள்ளவே இரண்டு நொடி ஓடிவிடுகிறதாம். அந்த நேரம் போவது நமக்கே தெரியாதாம். ஷார்ட்கட் பிரியர்கள் இன்றுவரை அவரோடு சண்டை போடுகிறார்கள். ஆனால், அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. யோசித்துத் தட்டுகிற ஷார்ட்கட்டால் ஒரு லாபமும் இல்லை. விரலுக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டும். 'போட்டோஷாப்பின் 100 ஷார்ட்கட்டுகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் வேகமாகாததற்குக் காரணம் இதுதான். நூறு வேண்டாம். தினமும் கை தேடுகிற பன்னிரண்டு போதும்.

அப்பா படத்துக்கு வருவோம்.

ஸ்கேனரில் படத்தை வைத்து 1200 டிபிஐயில் எடுத்துக்கொள்கிறார் அந்தப் பெண். போட்டோஷாப் மெதுவாகத் திறக்கிறது. அந்தச் சில நொடிகளில் திரையில் வரும் பெயர்களை நிறைய பேர் கவனித்திருப்பார்கள். பல பதிப்புகளில் அதில் சீதாராமன் நாராயணன் என்று நம் பக்கத்துப் பெயர் ஒன்று இருக்கும். பட்டியலில் இருக்கும் தாமஸ் நால், தன் தம்பி ஜானுடன் சேர்ந்து இந்த மென்பொருளை உருவாக்கியவர். முதல் பதிப்பு 1990ல் வந்தது. அப்போது ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும்.

படம் திறந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் கன்ட்ரோல், ஜே. அசல் அடியில் பத்திரமாகக் கிடக்கும். மேலே இருக்கிற நகலில்தான் வேலை. தலைக்கு மேலே எத்தனை லேயர் ஏறினாலும், லேயர் பட்டியலில் அடியில் இருக்கும் அசலின் கண் குறிமேல் ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்தால் அசல் மட்டும் தெரியும். மறுபடி அப்படியே கிளிக் செய்தால் வேலை செய்த படம் திரும்பி வரும். முகம் மாறிப்போகாமல் இருக்கிறதா என்று அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துக்கொள்கிறார். மடிப்பை எடுக்கிற அவசரத்தில் அப்பாவின் கன்னக்குழியையும் சேர்த்து எடுத்துவிட்டால், படம் சுத்தமாக இருக்கும். ஆள் வேறு ஆளாக இருப்பார்.

மடிப்பின் மேல் வேலை செய்ய இரண்டு கருவிகள். ஜே தட்டினால் ஹீலிங் பிரஷ் வகைகள். எஸ் தட்டினால் குளோன் ஸ்டாம்ப், ஸ்டூடியோக்காரர்கள் பாஷையில் 'ஸ்டாம்ப்'. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நல்ல தோல் இருக்கிற இடத்தில் ஒரு கிளிக். பிறகு மடிப்பின் மேல் மெல்ல ஒற்றல். கன்னத்தில் பெரிய பிரஷ் வேண்டும், மூக்கு ஓரத்தில் சின்னது, மீசைக்குப் பக்கத்தில் இன்னும் சின்னது. இங்கேதான் சதுர அடைப்புக்குறி விசைகள் உயிர் காக்கும். இடது அடைப்பு பிரஷ்ஷைச் சிறிதாக்கும். வலது அடைப்பு பெரிதாக்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்துத் தட்டினால் பிரஷ் ஓரம் மிருதுவாகும், கடினமாகும். இந்த இரண்டு விசையும் கீபோர்டின் வலது பக்கம் இருப்பதால் இடது கை கொஞ்சம் தாவ வேண்டும். அது பிடிக்காதவர்கள் விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தி, மவுஸின் வலது பொத்தானோடு பக்கவாட்டில் இழுத்தாலே அளவு மாறும். மேலும் கீழும் இழுத்தால் மிருது மாறும். பழகிவிட்டால் இது இன்னும் சுகம்.

இதே வேலையை மவுஸால் மட்டும் செய்தால் என்ன ஆகும்? பிரஷ் அளவை மாற்ற மேல்பட்டைக்குப் போக வேண்டும். கண்ணும் கூடவே போகும். திரும்பி வரும்போது மடிப்பில் எந்த இடத்தில் விட்டோம் என்று தேட வேண்டும். நூறு தடவை போய்வந்தால் நூறு தடவை தேடல். ஐந்து நிமிடம் போவதைவிட இதுதான் பெரிய நஷ்டம். ஒரு முகத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அதன் நிழல் எங்கே விழுகிறது, சுருக்கம் எங்கே முடிகிறது என்பது கைக்குப் பிடிபடும்.

ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் எந்தக் கருவியில் இருந்தாலும் அது கையாக மாறிவிடும். பெரிதாக்கிய படத்தை இழுத்துப் போகலாம். விட்டால் பழைய கருவி திரும்பிவிடும். கன்ட்ரோல், பூஜ்யம் தட்டினால் படம் முழுசாகத் திரைக்குள் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் தட்டி முழு முகத்தையும் பாருங்கள். மூக்கு நுனியில் முழுகிக் கிடந்தால் முகம் மறந்துபோகும்.

அடுத்து, அப்பாவைக் கூட்டத்திலிருந்து தனியே பிரிக்க வேண்டும். பென் டூலால் தோளைச் சுற்றிக் கோடு போட்டு கன்ட்ரோல், என்டர் தட்டினால் அது செலக்‌ஷன் ஆகிவிடும். அதை அப்படியே வெட்டி எறியாமல் மாஸ்க் போடுவார்கள். மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும். டிஃபால்ட்டின் முதல் எழுத்தான டி தட்டினால் கறுப்பு வெள்ளை தயார். எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறும். தலைமுடி ஓரத்தில் மறைக்க, மீட்க, மறைக்க, மீட்க என்று எக்ஸ் விசை படாதபாடு படும். எண் விசைகளையும் மறக்க வேண்டாம். 3 தட்டினால் பிரஷ்ஷின் அழுத்தம் 30 சதவிகிதம், பூஜ்யம் தட்டினால் 100.

தப்பாகப் போனால்? கன்ட்ரோல், இஸட். உலகத்திலேயே அதிகம் நன்றி சொல்ல வேண்டிய விசை. இஸட், எக்ஸ், சி, வி நான்கும் கீபோர்டின் இடது கீழ் வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணமானவர் லாரி டெஸ்லர். கட், காப்பி, பேஸ்ட் என்ற பழக்கத்தை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து உருவாக்கியவர். பிறகு ஆப்பிளுக்குப் போய் லிசா கம்ப்யூட்டரில் இந்த விசைகளைக் கொண்டுவந்தார். எக்ஸ் என்றால் அடித்துவிடும் குறி. வி, இடையில் செருகச் சொல்லும் குறியைத் தலைகீழாகப் போட்டது மாதிரி. 2020ல் அவர் மறைந்தார். வலது கையில் மவுஸ் இருக்க, இடது கையாலேயே நான்கையும் எட்டிவிடலாம் என்ற வசதியை இன்று யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இடது கையால் மவுஸ் பிடிப்பவர்களுக்கு மட்டும் இது அநியாயம்தான். அவர்கள் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பகுதிக்குப் போய், வசதியான விசைகளை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

போட்டோஷாப்பில் இந்த இஸட்டுக்கு ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1998ல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். அதற்குப் பிறகும் கன்ட்ரோல், இஸட்டை இரண்டாம் முறை தட்டினால் ரத்து செய்ததையே ரத்து செய்துவிடும். மேலும் பின்னால் போக ஆல்ட்டையும் சேர்க்க வேண்டும். 2018 அக்டோபரில்தான் மற்ற மென்பொருள்கள் மாதிரி தட்டத் தட்டப் பின்னால் போகும்படி மாற்றினார்கள். இருபது வருஷம் பழகிய கைகள் அன்று புலம்பிய புலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் எல்லையற்ற வரம் இல்லை இது. வழக்கமாக 50 படிகள்தான் நினைவில் நிற்கும். பழைய பதிப்புகளில் 20. ஸ்டாம்ப் வைத்து ஒற்றும்போது ஒவ்வோர் ஒற்றலும் ஒரு படி. இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். முதலில் கன்ட்ரோல், ஜே தட்டியது இதற்கும் சேர்த்துத்தான்.

வேகமான விசையால் வேகமாகக் கெடுக்கவும் முடியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வரிசை நிற்கும். கேமராவிலிருந்து வந்த பெரிய படத்தை 413க்கு 531 பிக்சல் என்று சின்னதாக வெட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் கன்ட்ரோல், எஸ் தட்டிவிடுவார்கள். அசல் போயே போச்சு. அடுத்த மாதம் அதே அம்மா வந்து, "தம்பி, அந்தப் படத்தையே பெரிசா ஒண்ணு போட்டுக் கொடுப்பா" என்று கேட்கும்போதுதான் தெரியும். ஷிஃப்ட்டையும் சேர்த்துத் தட்டி வேறு பெயரில் சேமிக்கிற பழக்கத்தை முதல் நாளே விரலுக்கு ஏற்றிவிட வேண்டும்.

பாஸ்போர்ட் வேலைக்கு ஷார்ட்கட்டைவிடப் பெரிய ஆயுதம் ஆக்‌ஷன். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படங்களை 4க்கு 6 இன்ச் பேப்பரில் எட்டு அடுக்கலாம். வெள்ளை ஓரம் சேர்ப்பது, எட்டாக அடுக்குவது எல்லாவற்றையும் ஒருமுறை செய்து, அதை ஆக்‌ஷன் பேனலில் பதிவு செய்து, எஃப் 2 முதல் எஃப் 12 வரை ஏதாவது ஒரு விசையில் கட்டிவைத்துவிடலாம். அடுத்த குழந்தைக்கு முகத்தை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, அந்த ஒரு விசை. முகம் பார்க்கிற வேலையை மட்டும் ஆக்‌ஷனிடம் விடக் கூடாது. ஒவ்வொரு முகத்துக்கும் வெளிச்சம் வேறு.

திடீரென்று விசைகள் வேலை செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பிரஷ் வட்டம் மறைந்து வெறும் கூட்டல் குறி மாதிரி தெரியும்; அளவு மாறுவது கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சர்வீஸுக்குத் தூக்கிப் போனவர்கள்கூட உண்டு. இன்னொன்று நமக்கே உரிய சிக்கல்: தமிழ் டைப்பிங் ஆன் ஆகியிருந்தால், தட்டுகிற எழுத்து போட்டோஷாப்புக்குக் கட்டளையாகப் போய்ச் சேராது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்று படித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து போட்டோஷாப் வாங்க முடியாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடுகிற போட்டோபியா இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் விசைகள் பெரும்பாலும் இதேதான். இலவசமான ஜிம்ப்பில் கொஞ்சம் குழப்பும். அங்கே பெயின்ட் பிரஷ்ஷும் பாத் கருவியும் போட்டோஷாப்புக்கு நேர்மாறாக விசைகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. போனில் எடிட் செய்பவர்களுக்கு விரல்தான் விசை. ஐபேட் போட்டோஷாப்பில் இரண்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் பின்னால் போகும், மூன்று விரல் என்றால் முன்னால். ஸ்னாப்சீடில் படத்தை அழுத்திப் பிடித்தால் அசல் தெரியும்.

கற்றுக்கொள்ள எளிய வழி மெனுவே. விசை உள்ள கட்டளைகளுக்கு எதிரே வலது பக்கம் அது எழுதியிருக்கும். ஒரு வாரம் மெனுவைத் திறக்கும்போதெல்லாம் எதற்காகத் திறந்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு வாருங்கள். அதிகம் கோடு விழுந்த மூன்றை மட்டும் அடுத்த வாரம் விசையால் செய்யுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். முதல் இரண்டு நாள் வேகம் குறையும். டாக்னாஸினி சொன்ன அந்த இரண்டு நொடி அப்போது நன்றாகவே தெரியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கை முந்திக்கொள்ளும்.

நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர்களுக்கு மணிக்கட்டு வலி பழகிய விஷயம். ஷார்ட்கட் அதற்கு மருந்து இல்லை. கிளிக் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து விரலை முறுக்குகிற விசைகளை நாள் முழுக்கத் தட்டினால் இடது சுண்டுவிரலும் வலிக்க ஆரம்பிக்கும். வலி நின்றுபோகாவிட்டால் டாக்டரைப் பார்ப்பதுதான் வழி.

மறுநாள் நான்கு மணிக்கே அவர் வந்துவிட்டார். பிரின்டுக்கு அனுப்பும் முன் ஸ்கிரீனில் ஒருமுறை பார்க்கச் சொன்னார் அந்தப் பெண். மடிப்பு போயிருந்தது. கன்னக்குழி இருந்தது. கீழே தமிழில் அப்பாவின் பெயர், தோற்றம், மறைவு.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், சட்டென்று குனிந்தார். "ஏம்மா, அப்பா பேருக்குப் பின்னால இதென்ன ஒரு வ்?"

பெயரை டைப் செய்த பிறகு கன்ட்ரோல், என்டர் தட்டி எழுத்துக் கருவியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமலே, படத்தை நகர்த்துவதற்காக மூவ் டூலின் வி விசையைத் தட்டியிருக்கிறார். தமிழ் டைப்பிங் ஆனில் இருந்ததால், அது பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கண்ணே, கை முந்திடுச்சு" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த எழுத்தை அழித்தார். இந்த முறை கன்ட்ரோல், என்டர். பிறகு பிரின்ட்.

"நல்லவேளை, ஒரு தரம் பார்க்கச் சொன்னியே" என்றவர், பெயரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். "சரியா இருக்கும்மா. போட்டுடு."